உயிரோடிருந்த பிரபுவுக்கு ஓர் இரங்கற்பா

வில்ட்ஷயரில் ஆட்டு மந்தையோடும் மன அமைதியோடும் வாழும் மதிப்பிற்குரிய ஹம்ஃப்ரி டாக்வெல் ஐயா அவர்களுக்கு, ஸ்டான்மார்ஷ் மாளிகையிலிருந்து ஜாஸ்பர் வின்காட் பணிந்து எழுதுவது. இங்கு நான் நலம். தங்கள் நலமும், தங்கள் ஆடுகளின் நலமும், மழைக்கு முன்னால் வலிக்கும் தங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

சென்ற முறை தங்கள் கணப்படுப்பின் அருகே நின்று தங்கள் மகள் மிலிசென்டை மணமுடிக்க அனுமதி கேட்டேன். தாங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கவிதையைக் கத்தரிச்சா கம்பளி வருமாய்யா? முதல்ல ஒரு உத்தியோகத்தைத் தேடிக்கிட்டு வா. அப்புறம் பொண்ணு கேளு." நியாயமான பேச்சு. இந்தக் கடிதம் அந்த உத்தியோகத்தைப் பற்றியது. கிடைத்துவிட்டது. அதாவது, ஏறக்குறைய.

ஒயிட்ஹால் அரண்மனைக் கூடத்தில் உத்தியோகம் தேடி என்னைப் போன்றவர்கள் பலர் நிற்கிறோம். கையில் கவிதை. காலில் கடன் வாங்கிய பட்டுக் காலுறை. பெரியவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். ஆனால் ஒரு பெரியவர் இறந்தால் கதவு கொஞ்சம் திறக்கும். சவப்பெட்டியைப் போர்த்தும் கறுப்புத் துணியில் கவிஞர்கள் தங்கள் இரங்கற்பாவை ஊசியால் குத்திவைக்கலாம். துக்கத்துக்கு வரும் பிரபுக்கள் அதை வாசிப்பார்கள். "யார் இந்தப் பையன்?" என்று ஒருவராவது கேட்பார். முதலில் வருபவனுக்குக் கண் உயரத்தில் இடம். பிந்தி வருபவனின் கவிதையை வேட்டை நாய்கள்தான் வாசிக்கும்.

ஆகவே ஸ்டான்மார்ஷ் பிரபு காலமானார் என்று கூடத்தில் யாரோ கிசுகிசுத்ததும், யார் சொன்னது, எப்போது என்று நான் ஒன்றும் விசாரிக்கவில்லை; விசாரித்தால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்பதால் ஒரு கறுப்பு அங்கியை இரவல் வாங்கி, ஒரு குதிரையையும் இரவல் வாங்கி, வழியெல்லாம் சேணத்தின் மேலேயே எழுதி, நட்சத்திரங்கள் அணைந்தன, தேம்ஸ் நதி அழுதது, சாந்தமே உருவான பிரபு சாய்ந்தார் என்றெல்லாம் அடுக்கி, மழையில் நனைந்து, அங்கியின் சாயம் கழுத்தில் வழிய, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் இந்த மாளிகை வாசலில் இறங்கினேன். வாசலில் ஒரு கவிஞனும் இல்லை. மனம் துள்ளியது. துக்க வீட்டில் மனம் துள்ளலாமா என்று அப்போது தோன்றவில்லை.

வீடு முழுக்க நிசப்தம். பணியாளர்கள் நுனிக்காலில் நடந்தார்கள். மேலாளர் கிரிம்ஸ் உதட்டில் விரல் வைத்தார்.

"மேல படுக்கையில இருக்காருங்க. சத்தமில்லாம ஏறுங்க."

"வலி அதிகமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரொம்பங்க. எங்களுக்குத்தான்."

விசுவாசமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அறை இருட்டு. கட்டிலைச் சுற்றிக் கனத்த திரை. கறுப்புத் துணி இன்னும் வந்திருக்கவில்லை. எனவே மண்டியிட்டு, என் கவிதையைத் திரையிலேயே கண் உயரத்தில் குத்தினேன். பிறகு, ஐயா, மனம் உண்மையாகவே கனத்தது. யாரும் இல்லாத அறையில் அவருக்காக ஒருமுறை வாசிக்கலாம் என்று பட்டது. வாசித்தேன்.

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அந்த மூணாவது வரியை இன்னொரு தடவை சொல்லு."

நான் கத்தியதைக் கேட்டுக் கிரிம்ஸ் ஓடி வந்தார். திரை விலகியது. பிரபு தலையணையில் சாய்ந்து, மடியில் தட்டு வைத்து, அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார். வலது கால் பெருவிரலில் வாதம், அவ்வளவுதான். வலி வந்தால் கைக்கு அகப்பட்டதை எறிவாராம். நிசப்தம் அதனால்.

"யாருய்யா சாந்தமே உருவானவன்?" என்றார்.

"தாங்கள்தான் பிரபு."

மீதி முட்டை என் அங்கியில் விழுந்தது.

"கேட்டியா கிரிம்ஸ்? நான் சாந்தமாம். என் பெண்டாட்டி இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பா. அந்த தேம்ஸ் எதுக்குய்யா அழுவுது? அதுக்கும் எனக்கும் என்ன? நம்ம வயலுக்குப் பின்னால ஈவன்லோட் ஆறு ஓடுது. அழுதா அது அழட்டும்."

மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். அவர் விடவில்லை.

"எங்க போற? இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ. நான் போனப்புறம் கண்டவன் கண்டதை எழுதுவான். எனக்குப் பிடிச்ச மாதிரி முடிச்சுக் குடுத்தா நீதான் என் காரியதரிசி. இருந்தவன் ஓடிட்டான்."

"ஏன் ஓடினாருங்க?"

"மைக்கூடு," என்றார் கிரிம்ஸ், தன் நெற்றியைத் தொட்டு.

வசந்தம் முழுக்க இதுவே வேலை. காலையில் ஒரு வரி எழுதுவேன், மாலையில் அவர் அதை அடித்துவிடுவார். செத்துப்போன சாம்பல் நிறக் குதிரையைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். புல்வெளியில் பந்து உருட்டும் ஆட்டத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் காலால் பந்தைத் தள்ளியதைச் சேர்க்கச் சொன்னார். இரங்கற்பாவில் அது எப்படி என்றேன். "எப்படியோ. அவன் அதை நின்னு வாசிக்கணும்" என்றார். சேர்த்தேன். அரண்மனையில் நான் எழுதியதெல்லாம் எந்தப் பிரபுவுக்கும் பொருந்தும். இது ஒருவருக்குத்தான் பொருந்துகிறது. இரவில் அதை நினைத்துப் படுத்திருப்பேன். பயமாகவும் இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என்னை மறப்பதற்காக மிலிசென்டைத் தாங்கள் அனுப்பிவைத்த அத்தை வீடு இங்கிருந்து ஒரு வயல் தள்ளி இருக்கிறது. சத்தியமாகத் தற்செயல். அத்தையம்மாள் ஞாயிறுதோறும் பிரபுவுக்குக் கன்றின் காலை வேகவைத்துச் செய்த பாகு கொண்டுவருவார். கிண்ணத்தைத் தூக்க மிலிசென்டும் வருவாள். ஒருமுறை கவிதையைக் கேட்டாள்.

"செத்தவர் ரெண்டாவது கிண்ணம் கேக்கறார்," என்றாள். "நீங்க இன்னும் அழுதுட்டிருக்கீங்க. எனக்கு எழுதினதுல ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையே?"

"உனக்கு எழுதினது நம்பிக்கையில எழுதினது," என்றேன்.

"எங்கப்பாவைத் தெரிஞ்சவங்க அப்படி எழுத மாட்டாங்க."

அத்தையம்மாள் இருமினார். மிலிசென்ட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது நிலைமை இது. ஒரே ஒரு பத்தி பாக்கி. சொர்க்கத்தில் அவருக்கு எந்த இடம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. அது தீர்ந்த அன்று நான் காரியதரிசி. ஆகவே அறுவடைக்குப் பிறகாவது மிலிசென்டை மணக்கத் தாங்கள் அனுமதி தர வேண்டும் என்று மண்டியிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பொறுமையாக, வயலின் இந்தப் பக்கத்திலேயே இருப்பேன். தங்கள் மந்தை பெருகட்டும். கம்பளி விலை ஏறட்டும். முழங்கால் மழையை மறக்கட்டும்.

தங்கள் தாழ்மையுள்ள,
ஜாஸ்பர் வின்காட்

பின்குறிப்பு: மாமா, இதை எழுதி முடித்த பிறகு கொண்டுபோக ஆள் கிடைக்காமல் சில நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் பிரபுவின் வாதம் இறங்கிவிட்டது. பூட்ஸ் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். கடைசிப் பத்தியை நீட்டினேன். முழுக் கவிதையையும் சேர்த்துக் கணப்பில் போட்டார். "சாவு அலுத்துப்போச்சுய்யா. இப்ப கல்யாணப் பாட்டு ஒண்ணு எழுது" என்றார். யாருக்குக் கல்யாணம் பிரபு என்று கேட்டேன். "கல்யாணமே இல்லாம கல்யாணப் பாட்டா? செத்தவன் இல்லாம இரங்கற்பா எழுதினவன்தானே நீ, உன்னை இனி நம்ப மாட்டேன். முதல்ல கல்யாணம் நடக்கட்டும். கிரிம்ஸ், அந்த அத்தை வீட்டுக்கு ஆள் அனுப்பு." ஆள் போனான். பாதிரியாரும் வந்தார். தங்கள் இடத்தில் நின்று பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தது பிரபுவே. தாங்கள் கோபப்படுவீர்கள் என்று அத்தையம்மாள் அழுதபோது, "என்னைத்தான் எல்லாரும் செத்தவன்னு சொல்லியாச்சே, என்னை என்ன பண்ணுவார்?" என்று கேட்டார். கல்யாணப் பாட்டை நேற்று வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. உத்தியோகம் இன்று காலை முதல். மிலிசென்ட் என் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசித்துக்கொண்டிருக்கிறாள். புதிதாகக் கடிதம் எழுதினால் தாங்கள் பாதியிலேயே கிழித்துவிடுவீர்கள், இதையே அனுப்புங்கள் என்கிறாள். ஆகவே மேலே 'அனுமதி' என்று வரும் இடங்களில் எல்லாம் 'ஆசி' என்று வாசித்துக்கொள்ளவும்.