ஜூடுக்கு என்ன சாங்ஷன் ஆச்சு?

மதுரை,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்ள கிளமெண்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா ஞானம் நலம். நான் நலமில்லை. என் மகன் ஜூடு எப்படி இருக்கிறான் என்றே தெரியவில்லை. போனில் பேசினால் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம். படித்ததும் கல்லுப்பட்டியில் பஸ் ஏறு.

பத்து நாளைக்கு முன்னால் கப்பலிலிருந்து ஜூடு ஒரு மெசேஜ் அனுப்பினான். இங்கிலீஷில் ஒரே வார்த்தை: 'சாங்ஷன்டு'. அதற்குப் பிறகு நான் போட்ட போனை அவன் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷெரினோடு நிச்சயதார்த்தம், அதுக்கு லீவு கேட்டிருந்தான். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் டீச்சர்மார் லீவு லெட்டரில் அதே வார்த்தையை முத்திரை குத்தினவன் நான், எனக்குத் தெரியாத அர்த்தமா? "ஏ ஞானம், லீவு கெடச்சிருச்சு!"ன்னு கத்திட்டேன்.

நாலு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு துளசிராம் பேப்பரும் கையுமா வந்தாரு. "அண்ணே, ஜூடு போற கப்பல் பேரென்ன?"ன்னாரு. சொன்னேன். அவரு முகம் சுண்டிப்போச்சு. "அந்தக் கப்பல வெளிநாட்டுக்காரன் சாங்ஷன் பண்ணிட்டான்ணே." "நல்லதுதானே?" "அய்யோ, தண்டனைண்ணே! எந்தத் துறைமுகத்துலயும் விட மாட்டான், ஆளு இறங்க முடியாது!" ஓடிப்போயி அகராதியப் பிரிச்சா, மொத அர்த்தம் அனுமதி குடுக்குறது, அதுக்குக் கீழேயே தண்டிக்கிறது. ஒரே வார்த்தை மாப்ள! அப்ப முப்பத்துநாலு வருஷமா நான் டீச்சர்மாருக்குக் குடுத்தது லீவா, தண்டனையா? பாதருக்கு லத்தீன் தெரியுமேன்னு கோயிலுக்குப் போனேன். "புனிதமாக்கி, மீற முடியாம கட்டுறதுதான் இதோட வேர்ச்சொல். அப்படிக் கட்டுன சட்டம் குடுக்குற அனுமதியும் சாங்ஷன், மீறினா வர்ற தண்டனையும் சாங்ஷன். செயின்ட்டுங்கிற சொல்லும் இதுக்குச் சொந்தந்தான்"னாரு. புனிதருங்க எல்லாம் செத்த பெறகுதானே புனிதரானாங்க? கோயில் படியிலயே உக்காந்துட்டேன்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு, "வீ வில் ரிவர்ட், சார்"ங்குது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேட எனக்குத் தெம்பில்ல. உங்கக்கா அடுப்படியில முறுக்குச் சுடுறா, ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் "ஜூடுக்குப் பிடிக்கும்"ங்குறா. நான் குளியலறையில குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுகுறேன். நீ வந்து அவகிட்டப் பக்குவமாச் சொல்லு. நிச்சயத்த நிறுத்தணும்.

தங்கச்சி ஜெஸிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
உன் அத்தான்
சத்தியசீலன்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஷெரின் வந்தா. நேரா அடுப்படிக்குப் போயி, "அத்தை, அவங்கள நேத்தே கரையில இறக்கிவிட்டுட்டாங்க, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாராங்க"ன்னா. "மெதுவாப் பேசுத்தா, மாமாவுக்குப் பிரஷர் ஏறிரும்"ங்குறா உங்கக்கா. கப்பலுக்குத் தண்டனைன்னு மொத நாளே ரெண்டு பேருக்கும் தெரியுமாம்! மெசேஜ் ஷெரினுக்கு அனுப்பினது, கை தவறி எனக்கு வந்திருக்கு. நான் கதவுக்குப் பின்னால நின்னது அவங்களுக்குத் தெரியாது. நிச்சயம் உண்டு, ஞாயித்துக்கிழமையே வா, வந்து வாயத் தொறக்காத. பத்து நாளா என்னையக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம்னு நெனச்சுட்டு இருக்காங்க. நெனச்சுட்டுப் போகட்டும்.