சம்பந்தியின் பந்தும் என் காலும்

புதுச்சேரி,
12-2-1958

கடலூர் புதுப்பாளையம் பெரிய மச்சான் சுப்பராயன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை செல்வாம்பாளும் உங்கள் மருமகள் சந்திரகலாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். அவ்விடம் தாங்கள் குடும்பத்தோடும் எல்லா முழங்கால்களோடும் சுகமாயிருக்க வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க, சந்திரகலாவுக்குத் தாங்கள் பார்த்த வரன் விஷயம் என்ன ஆயிற்று என்று இரண்டு கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். பையனின் தகப்பனார் வைத்திலிங்கம் என்பவர் மில்லில் நெசவு மாஸ்டர், கௌரவமான மனுஷர், ஜாதகம் பொருந்திவிட்டது, இனி ஒரே ஒரு சடங்குதான் பாக்கி, பெண்ணைப் பெற்றவர் தன்னோடு ஒருநாள் கோல்ப் ஆடவேண்டும் என்கிறார், நீங்கள் ஆடுவீர்கள் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ‘சொல்லிவிட்டேன்’தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெண் பார்க்க வருவார்கள் என்று செல்வாம்பாள் கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தாள். வந்த வைத்திலிங்கம் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். “ஒருத்தரோட ஆறு குழி ஆடிட்டா போதும் சார், ஆளு இன்னாரு இப்படின்னு தெரிஞ்சுரும். அப்பன் எப்படியோ அப்படித்தான் புள்ள” என்று சொல்லி, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கோல்ப் ஆட்டத்தின் சட்டப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சான், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் பதிவறையில் இருந்தவன் நான். சட்டப் புத்தகம் என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் இது இங்கிலீஷ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தேன், படிக்கப் படிக்க எனக்கு ஒரே ஆச்சரியம். அடுத்தவர் அடிக்கும்போது இருமக்கூடாது, பேசக்கூடாது, நம் நிழல்கூட அவர் பந்தின்மேல் விழக்கூடாதாம். குழிக்கு யார் ரொம்பத் தூரத்தில் கிடக்கிறாரோ அவருக்குத்தான் முதல் அடி, முன்னால் போனவர் காத்து நிற்க வேண்டும். நம் கல்யாணப் பந்தியில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நாம் அடித்துப் பெயர்த்த மண்ணை நாமே மிதித்து மூடிவிட்டுப் போக வேண்டும். எல்லாவற்றிலும் அதிசயம் என்னவென்றால், இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. யாரும் பார்க்காத இடத்தில் பந்தை நாம் தெரியாமல் அசைத்துவிட்டாலும் நாமே வந்து சொல்லி, நாமே தண்டமாக ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் குற்றவாளி தானாக வந்து தீர்ப்பெழுதிக்கொண்டு போன ஒரு வழக்கை நான் பார்த்ததில்லை. இப்படியும் மனுஷர்கள் ஆடுவார்களா என்று பார்க்கவே எனக்கு ஆசை வந்துவிட்டது, கல்யாணம் அப்புறம் என்று ஆகிவிட்டது, இதை உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு ரெட்டியார்பாளையம் தாண்டி ஒரு செம்மண் பொட்டலில் ஆட்டம். மில் அதிகாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஆறு குழி தோண்டிக் கிளப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அஞ்சலாட்சி என்று ஓர் அம்மாள் ஆடு மேய்க்கிறாள். காணாமல் போன பந்தைத் தேடிக் கொடுத்தால் ஆடு மேய்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சட்டம் முழுக்க மனப்பாடம். நான் முதலில் ஓங்கி அடித்தேன், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இது ஒத்திகை என்று சொல்லி மறுபடி ஓங்கினேன். “காத்த அடிச்சாலும் ஒரு அடிதான், முசே” என்றாள் அஞ்சலாட்சி, பிரெஞ்சுக்கார மரியாதையோடு, ஆட்டுக்கு நடுவிலிருந்து. மூன்றாவது குழி வரைக்கும் ஏதோ போயிற்று. அங்கே வைத்திலிங்கத்தின் பந்து குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. கடற்கரையில் நாங்கள் ஆடும் இரும்புக் குண்டு ஆட்டம் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள், எதிராளியின் குண்டைக் குறிபார்த்து அடித்துத் தள்ளுபவன்தானே அங்கே சூரன். பழக்கதோஷம், நான் ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து ஒரே தட்டில் சம்பந்தியின் பந்தைப் பத்தடிக்கு அப்பால் விரட்டிவிட்டு, கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆடுகூட மேய்வதை நிறுத்திவிட்டது. “ரெண்டு அடி தண்டம்” என்றாள் அஞ்சலாட்சி. வைத்திலிங்கம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் பந்தை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தார்.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். காரியம் கெட்டது ஆறாவது குழியில். அவர் அடித்த பந்து முந்திரிச் செடிக்குள் போய்விட்டது. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன், அஞ்சலாட்சி ஆட்டை விரட்டிவிட்டு வந்து சேர்ந்தாள். பந்து செடிக்கு வெளியே வெட்டவெளியில் கிடந்தது. “இது வேரண்டதான கெடந்துச்சு, அங்கேருந்தே நான் பாத்தேனே. யாரு காலு பட்டுச்சு?” என்றாள். என் கால்தான் மச்சான். தேடுகிற அவசரத்தில் இடறிவிட்டது. “என் கால்தான்மா, எனக்கே ஒரு அடி கூட்டிக்கோ” என்று சொல்லிவிட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உச்சுக்கொட்டிவிட்டு ஆட்டுப் பக்கம் போய்விட்டாள். வைத்திலிங்கம் இரண்டே தட்டில் ஆட்டத்தை முடித்து ஜெயித்தார். எனக்கென்று வாங்கிய சோடாவைக்கூட நீட்ட மறந்து, வண்டியில் ஏறிப் போனவர்தான், பத்து நாளாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

என் காலால் என் பெண்ணின் வாழ்க்கை இடறிவிட்டது. சந்திரகலா வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆகையால் தாங்கள் அந்த இடத்தை மறந்துவிட்டு, குச்சி பிடிக்கத் தெரியாத நல்ல குடும்பமாக வேறொன்று பார்க்க வேண்டியது. இனி என் ஆயுசில் அந்தக் கோல்ப் கட்டையைத் தொடுவதில்லை என்று குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டிருக்கிறேன். அண்ணன் என்று தங்களை நம்பியிருக்கும் செல்வாம்பாள் தங்களை நமஸ்கரிக்கிறாள். குழந்தைகளுக்கு என் ஆசிகள், பசுமாட்டுக்கு ஒரு பிடி கீரை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
தணிகாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வைத்திலிங்கம் வந்துவிட்டார். உட்காரவில்லை. நின்றபடியே, “அன்னிக்கு உங்க கால் படல சார், என் கால். வேணும்னேதான் தள்ளினேன். நீங்க பாத்தீங்க, பாத்துட்டும் பழிய ஏத்துக்கிட்டீங்க. பத்து நாளா சோறு எறங்கல” என்றார். ஆமாம் மச்சான், பார்த்தேன். மேலே தங்களுக்கு எழுதியதும் பொய்தான், மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றித் தங்களிடம்கூட அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் தனக்கு ஓர் அடி கூட்டிக்கொண்டார், பொய் சொன்னதற்கு நான் எனக்கு ஓர் அடி கூட்டிக்கொண்டேன், அப்படியும் அவர்தான் ஜெயிக்கிறார். சந்திரகலாவே காபி கொண்டுவந்து கொடுத்தாள். வைகாசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டார். தாங்கள் வந்து ஐயரோடு உட்கார்ந்து நாள் குறிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். இது மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை இல்லை, நான் போட்டது. ஆணையை மீறப்போவதற்குக் குலதெய்வத்துக்கு ஒரு படையல் போட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். முதல் பத்திரிகை அஞ்சலாட்சிக்கு.