இருபது நிமிஷக் கறுப்பு

பாத்திரத்தில் பெல்ட் கொதித்துக்கொண்டிருந்தது.

சிரில் ஆர்மரோட் அதை மரக் கரண்டியால் கிளறியபடியே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். புதன்கிழமை மதியம் ஊரில் எல்லாக் கடைகளுக்கும் அரைநாள் விடுமுறை. அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் கிளெக் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டாள். கறுப்புச் சாயப் பொட்டலத்தின் பின்பக்கம் 'ஒரு மணி நேரம் கொதிக்க விடவும்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னும் நாலைந்து வரி இருந்தது. சிரில் அவற்றைப் படிக்கவில்லை.

சாயம் போடுவதில் தப்பே இல்லை. பக்கத்து ஊர் ஜூடோ கிளப்பில் பரீட்சை தேறினால், பழைய பெல்ட்டையே வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த நிறத்தில் முக்கி எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிரில் வெள்ளையை மஞ்சளாக்கியதும் இதே பாத்திரத்தில்தான். ஆனால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறங்களும் ஏழு வருஷ உழைப்பும் இருந்தன. அதையெல்லாம் அவன் ஒரே மதியத்தில் தாண்டப் பார்த்தான்.

எல்லாம் ஒரு தலையாட்டலில் வந்த வினை.

சிரிலுக்குத் தொப்பிக் கடையில் வேலை. வாடிக்கையாளர் எந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினாலும் தலையை ஆட்ட வேண்டும். பதினோரு வருஷமாக ஆட்டி ஆட்டி, கழுத்து அவனைக் கேட்காமலே ஆடப் பழகிவிட்டது. ஜூடோவில் சேர்ந்ததே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் என்றுதான். "எதிராளி தள்ளினால் இழு, இழுத்தால் தள்ளு. விட்டுக்கொடுத்து வெல்லு" என்றார் அங்கே வாத்தியார். சிரில் அதில் பாதியை நன்றாகவே கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுக்கிற பாதியை.

போன மாதம் அவன் காதலி டோரீன் அவனை முதல் தடவையாகத் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துப் போனாள். அவளுடைய அப்பா ஹார்டேக்கர், ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜென்ட். கதவு உயரத்துக்கு இருப்பார். வரவேற்பறைச் சுவரில் ராஜாவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு கறுப்பு பெல்ட்.

"லண்டன்ல கான்ஸ்டபிளா இருந்தப்போ, ஜப்பான்காரர்கிட்ட நேரடியாக் கத்துக்கிட்டது," என்றார். "இந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஈடித் மட்டும் வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி வைப்பா."

ஈடித், அவர் மனைவி, கேக் வெட்டினாள்.

"நீயும் ஜூடோ போறியாமே தம்பி. டோரீன் சொன்னா."

"ஆமா சார்."

"மனுஷனை எடை போடறதுக்கு எனக்கு வேற அளவே கிடையாது. பெல்ட் ஒண்ணுதான். என்ன நிறம்?" சுவரைக் காட்டினார். "இந்த நிறமா?"

சிரில் வாயில் கேக் இருந்தது. 'மஞ்சள்' என்று சொல்வதற்குள் கழுத்து ஆடிவிட்டது.

சார்ஜென்ட் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். டோரீன் கண்கள் விரியப் பார்த்தாள். அவன் அவளிடம் மஞ்சள் என்றும் சொன்னதில்லை, கறுப்பு என்றும் சொன்னதில்லை.

"அடுத்த மாசம் சர்ச் ஹால்ல, கூரை பழுதுபார்க்க நிதி திரட்டற விழா," என்றார் சார்ஜென்ட். "நீ ஒரு செயல் விளக்கம் காட்டு. நானே ஏறியிருப்பேன். இந்த முட்டிதான் விடமாட்டேங்குது. அது முடிஞ்சதும் உங்க ரெண்டு பேர் விஷயம் பேசுவோம்."

கழுத்து மறுபடியும் ஆடியது.

இப்போது தெருக்கோடியில் ஒரு பச்சைத் தொப்பி தெரிந்தது. அவனே விற்ற தொப்பி. மிஸஸ் கிளெக். சாயம் ஏறத் தொடங்கி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

சிரில் பெல்ட்டைக் கரண்டியால் தூக்கித் துண்டில் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினான். ஓடுவதற்கு முன் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைக் கொக்கியில் மாட்டினான். கழுவ நேரமில்லை.

பெல்ட்டைக் காய வைக்க இடமில்லாமல் வெந்நீர்ப் பையில் சுற்றிப் போர்வைக்குள் வைத்தான். பெல்ட் காய்ந்தது. படுக்கை விரிப்பு கறுப்பானது.

காலையில் மேஜைக்கு வந்த ஓட்ஸ் கஞ்சி மழைமேகம் மாதிரி இருந்தது.

"இது என்ன நிறம்?" என்றாள் மிஸஸ் கிளெக், கஞ்சியைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தபடி. "ஓட்ஸ் கெட்டுப்போச்சா, சிரில்?"

சிரிலின் கழுத்து ஆடியது.

அன்று மதியம் அவள் மூட்டையோடு மளிகைக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். இருபது வருஷ வாடிக்கை முறிந்தது. மளிகைக்காரர் பாவம், தன் மொத்தச் சரக்கையும் சலித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை சிரில் எதிர்ப்பக்கம் தொப்பிக் கடையிலிருந்து பார்த்தான். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கதவு வரை போனான். இரண்டு தடவையும் வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமைதான் விழா. சிரிலால் ஒரு நாற்காலியைக்கூட ஒழுங்காகச் சாய்க்க முடியாது. ஊரிலிருந்து அந்தக் கிளப்புக்குப் பஸ்ஸில் போகிற ஒரே துணை நார்மன்தான். வீடு வீடாகக் கரி மூட்டை இறக்குகிறவன். பச்சை பெல்ட்.

"நான் பிடிச்சு இழுத்ததும் நீ விழணும். அவ்வளவுதான்," என்றான் சிரில்.

"நீ இழுத்தா நான் ஏன்டா விழணும்? இந்த ரெண்டு வருஷத்துல உன்னால என்னை ஒரு தடவை அசைக்க முடிஞ்சிருக்கா?"

"டோரீனுக்காகடா."

நார்மன் தலையைச் சொறிந்தான். "பொய்யா விழுந்து எனக்குப் பழக்கமில்லை. முயற்சி பண்றேன். ஆனா என் பெண்டாட்டி எல்ஸி வந்து பார்ப்பா. அவ முன்னாடி அசிங்கமாப் போயிடக் கூடாது, சொல்லிட்டேன்."

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் ஈடித் ஹார்டேக்கர் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிலைப் பார்த்ததும் அருகில் வந்து, அவன் பெல்ட்டின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகத் தேய்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். முகர்ந்தாள். ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"புதுசு போல," என்றாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.

சார்ஜென்ட் மேடையேறினார். "நம்ம ஊர்ல கறுப்பு பெல்ட் ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் வீட்டுச் சுவர்ல. இன்னொண்ணு இதோ."

கைதட்டல். சிரிலும் நார்மனும் பாயின் இரு ஓரங்களில் நின்று குனிந்து வணங்கினார்கள். சிரில் முன்னால் வந்து நார்மனின் காலரை நோக்கிக் கையை நீட்டினான். விரல் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே நார்மன் காற்றில் எழும்பிக் குட்டிக்கரணம் போட்டுப் பாயில் அறைந்து விழுந்தான்.

"தொடவே இல்லையே அந்தப் பையன்," என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி.

"அதுதான் கலை," என்றார் சார்ஜென்ட் உறுதியாக. "வேகம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது."

"நான் பிடிச்ச அப்புறம் விழுடா," என்று பல்லிடுக்கில் சொன்னான் சிரில்.

"சரி, சரி."

இந்த முறை நார்மன் அதிகமாகவே காத்திருந்தான். சிரில் காலரைப் பிடித்து இழுத்தான். சர்ச் தூணை இழுப்பது மாதிரி இருந்தது. இடுப்பைக் கொடுத்துத் தூக்கினான். தூண் தூணாகவே நின்றது. ஹாலில் அடுப்பு வேறு எரிந்தது. சிரிலுக்கு நெற்றியிலும் முதுகிலும் வேர்வை ஓடி இடுப்பில் இறங்கியது. வழுக்கிய கைகளை பெல்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி தோளையும் முதுகையும் பிடித்து இழுத்தான்.

"இப்ப விழவா?" என்றான் நார்மன். அவனுடைய ரகசியக் குரலே அப்படித்தான். மூன்று வரிசைக்குக் கேட்டது.

"விழுடா, கடவுளே."

நார்மன் உதவுவதாக நினைத்து சிரிலின் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அவன் முதுகின் மேல் தானே ஏறி, தானே உருண்டு, விழுந்தான். எழுந்து நின்று முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. அப்புறம் ஹால் முழுக்கப் பரவியது. நார்மனின் கன்னங்களிலும் நெற்றியிலும் கறுப்புக் கோடுகள். அவனுடைய வெள்ளைச் சட்டையின் காலரிலும் தோளிலும் முதுகிலும் கறுப்புக் கைத்தடங்கள் பதிந்திருந்தன.

"கரிக்கார நார்மா," என்று யாரோ கத்தினார்கள், "விழாவுக்காவது குளிச்சிட்டு வரக் கூடாதா?"

"மூட்டையையும் கொண்டு வந்திருக்கானா பாருங்க."

சார்ஜென்டும் சிரித்துவிட்டார். "ஜப்பான்ல பாய்க்கு வர்றதுக்கு முன்னாடி கால் கழுவுவாங்க நார்மன். மத்ததையும் கழுவுவாங்க."

நார்மன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு தடவை குளிச்சேன்," என்றான், யாரிடம் என்றில்லாமல். "எல்ஸிதான் முதுகு தேய்ச்சு விட்டா. நகத்துக்குள்ளகூட பிரஷ் போட்டா."

மூன்றாவது வரிசையில் எல்ஸி, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தொப்பியையும் சிரில்தான் விற்றிருந்தான். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியும் இருந்தான்.

சார்ஜென்ட் அவன் பக்கம் திரும்பினார். "கரிதானே தம்பி?"

கழுத்து ஆடப் பார்த்தது. சிரில் முகவாயை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினான். முகவாயிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"இல்லை சார்," என்றான். "நார்மன் மேல கரி ஒண்ணும் இல்லை. இது என் பெல்ட்." அவிழ்த்துத் தூக்கிக் காட்டினான். முடிச்சு இருந்த இடத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. "நான் மஞ்சள் பெல்ட்தான். நார்மன் என்னைவிட ரெண்டு படி மேல. எனக்காகத்தான் விழுந்தான். மிஸஸ் கிளெக், உங்க ஓட்ஸும் நல்ல ஓட்ஸ்தான். மளிகைக் கடைக்காரர் மேல தப்பில்லை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு. நார்மன் மட்டும் எல்ஸியைப் பார்த்து, 'கேட்டியா' என்பதுபோல் தலையசைத்தான்.

"உள்ளே வா," என்றார் சார்ஜென்ட்.

உள்ளே என்றால் ஹாலின் தேநீர் அடுக்களை. அங்கே ஈடித் ஏற்கெனவே நார்மனின் சட்டையைத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டோரீன் கதவோரம் நின்றாள். அவள் சிரிலைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்தாள்.

"பெல்ட்ங்கிறது இடுப்பில கட்டற துணி இல்லை," என்று தொடங்கினார் சார்ஜென்ட். "அது ஒரு மனுஷனோட வார்த்தை. எனக்கு அதைக் கட்டிவிட்டவர் என்ன சொன்னார் தெரியுமா? இதைத் தகுதியில்லாம கட்டறவன் இடுப்பு வெந்து போகும்னார்."

"ஆமா சார்," என்றான் சிரில். இடுப்பு ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தது.

"என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னே. என் வீட்டு கேக்கைச் சாப்பிட்டுக்கிட்டே சொன்னே. ஊர் முன்னாடி என்னையும் சொல்ல வெச்சே."

"ஆமா சார். எனக்கு வெட்கமா இருக்கு சார்."

"இருக்கணும். முப்பது வருஷமா இந்த ஊர் என் பெல்ட்டைப் பார்த்துத்தான் எனக்கு மரியாதை தருது. ஒரு நாளாவது அதுக்குக் களங்கம் வந்திருக்கா? கேளு ஈடித்தை."

தொட்டியில் தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்றது. மறுபடி தொடர்ந்தது.

"அதனால கேட்டுக்கோ. நிஜமான கறுப்பு பெல்ட்டை வாங்கிட்டு வா. அப்புறம் டோரீனைப் பத்திப் பேசு. அது வரைக்கும் என் வாசப்படி ஏறாதே."

"அப்பா, அதுக்கு ஏழு வருஷம் ஆகும்," என்றாள் டோரீன்.

"ஆகட்டும்."

"எனக்கு இப்பவே இருபத்தெட்டு."

"ஆகட்டும்னேன்."

சிரில் நனைந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை கழுத்து தானாக ஆடவில்லை. அவனே ஆட்டினான். "நீங்க சொல்றது நியாயம் சார்," என்றான். கதவை நோக்கி நடந்தான். டோரீன் அழத் தொடங்கினாள்.

தொட்டியில் சத்தம் நின்றேவிட்டது. ஈடித் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து, சிரிலின் கையிலிருந்த பெல்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இருபது நிமிஷம்தான் கொதிச்சிருக்கு இது," என்றாள். "ஒரு மணி நேரம் விடணும் தம்பி, இறக்கறப்போ ஒரு கை உப்பும் கொஞ்சம் வினிகரும் போடணும். முப்பது வருஷமா இவரோட வெள்ளை பெல்ட்டுக்கு நான் அப்படித்தான் கறுப்பு ஏத்தறேன், ஒரு பொட்டு இறங்கினதில்லை."