மாப்பிள்ளையின் காருக்குப் பல் விளக்கிய கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வேலை மாற்றலாகிப் போன ஊரில் நீங்களும் மகளும் அவள் வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் காரும் இப்போது சௌக்கியம். இதற்கு முன் எப்படி இருந்தது என்பதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

"குழந்தை வரப்போகுது, ரெண்டு கதவுக் காரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்று உங்களை நச்சரித்து, அதை விற்கச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். விற்கும்வரை காரை என் வீட்டில் நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடச் சொன்னீர்கள். நானோ, பெட்ரோல் வீணாகிறதே என்று, உறுமியதுமே அணைத்துவிடுவேன். உயிர் இருக்கிறது, போதும் என்று நினைப்பு. வாங்குகிறவர் வரப்போகும் நேரம் பார்த்து அந்த உயிரும் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் முனகல்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் உங்கள் காதுக்கு வந்துவிடும் என்று பயந்து பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பல் பார்க்கும் கண்ணாடிகளில் ஆகச் சிறியதைத் துளைக்குள் விட்டுப் பார்த்து, "சூடேறாம அணைச்சு அணைச்சு முழுக்கக் கரி சார். பல்லா இருந்தா பிடுங்கியிருப்பேன்" என்றார். பிறகு என்னையும் பார்க்கச் சொல்லி, ஸ்பானரால் எஞ்சினை மெதுவாகத் திருப்பினார்.

மாப்பிள்ளை, நான் அப்படியே நின்றுவிட்டேன். மற்ற கார்களில் இருப்பதுபோல் ஏறி இறங்கும் பிஸ்டனே இல்லை! ரோட்டரி எஞ்சினாம். வயிறு பருத்த ஒரு முக்கோணம், மூன்று மூலையும் சுவரை விட்டு விலகாமல், உள்ளேயே சுற்றி வருகிறது. காலமெல்லாம் கரும்பலகையில் முக்கோணம் வரைந்த கணக்கு வாத்தியார் நான். அதில் ஒன்றுகூட நகர்ந்ததில்லை.

"பல்லுல படியற காரை மாதிரிதான் சார், ஊறினாத்தான் விடும்" என்று டாக்டர், இணையத்தில் பார்த்தபடி, சிவப்பு கியர் ஆயிலைத் துளை வழியே ஊற்றினார். மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். இருமியது, கனைத்தது, பிறகு கிளம்பியது பாருங்கள் புகை! அத்தை காயப்போட்ட துணி மறைந்தது, அத்தை மறைந்தாள், தெருவே மறைந்தது. தீயணைப்பு வண்டி வந்து, எங்கள் வாசல் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பியது. "தீ எங்கே?" என்றார்கள். "தீ இல்லீங்க, எஞ்சின் பல் விளக்குது" என்றார் டாக்டர். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே புகை விலகியது. ஒரு திணறல் இல்லாமல், மெத்தென்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது உங்கள் கார். திட்டியவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் அல்ல.

நாளை வாங்குகிறவர் வருகிறார். சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இனி இந்தக் காரைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். மூவரும் குறையில்லாமல் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வாங்குகிறவர் வந்துவிட்டார். "இது ஸ்டார்ட்டே ஆகாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். குழந்தை இருக்கை வாங்கிப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. பேரப்பிள்ளையை உட்கார வைக்க நன்றாகக் குனிய வேண்டும். நான் குனிகிறேன்.