தோற்க வரும் விருந்தாளிகள்

டோலன், கான்சஸ்
சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய டுவெய்ன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஆட்ரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா, நான், தம்பி டேட் மூவரும் நலம். டேட்டின் இடது தோள்பட்டை மட்டும் நலமில்லை, அதை நேற்று ஆட்டத்தில் உங்கள் பள்ளிப் பையன்கள் நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். கார்வர் ஃபால்ஸில் தாங்களும் அத்தையும், தங்கள் பள்ளி மைதானத்தின் புதிய ஸ்கோர்போர்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் பக்கம் விழுந்த முட்டைகூட அதில் என்ன பிரகாசமாக எரிந்தது!

மாமா, ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் பள்ளி யாரோடு ஆடுவது என்று முடிவு செய்பவர் நீங்கள்தானே, அடுத்த வருடம் உங்கள் ஹோம்கமிங்குக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்த வாரம் திரும்பி வருகிறார்கள், அவர்கள் கண்முன்னால் சொந்தப் பள்ளி தோற்கக் கூடாது, ஆகவே கண்டிப்பாகத் தோற்கிற பள்ளியாகப் பார்த்துக் கால்பந்துக்கு அழைக்க வேண்டும், எல்லா ஊரிலும் நடப்பதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த சீசனில் நாங்கள் போய்த் தோற்ற நான்காவது ஹோம்கமிங் உங்களுடையது. இடைவேளையில் பள்ளிப் பிள்ளைகளிலேயே ஒரு ராஜாவையும் ராணியையும் நிறுத்துகிறார்களே, அப்படி நான்கு ராணிகளுக்கு முடிசூட்டுவதைப் பார்த்துவிட்டோம். என்னோடு பள்ளி பேண்டில் டிரம் அடிக்கும் பெர்னிஸ், "போன வாரத்து ராணி நெசமாவே அழுதுச்சுடி, இது வீட்ல பழகிட்டு வந்த அழுகை" என்று மார்க் போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். எங்கள் பள்ளியின் சின்னம் முயல் என்பதால் ஊர்வல வண்டிகளில் முயலை வறுத்தும், சுட்டும், மிக்ஸியில் போட்டும் பார்த்தாயிற்று. எங்கள் சொந்த ஹோம்கமிங்குக்கு எங்களைவிட மோசமாக ஆடும் பள்ளி ஒன்றைத் தேடி கோச் ரைமர் எல்லாருக்கும் போன் போட்டார். அப்படி ஒரு பள்ளி இல்லை. ஆட்டமே வேண்டாம் என்று நடனத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நேற்று மாலை உங்கள் ஊருக்குள் நுழையும்போதே விதி எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. பஸ் ஓட்டும் ஓடெட் க்ரோக்கர் ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிட்டார், பார்த்தால் நாங்கள் உங்கள் ஊர்வலத்துக்குள் இருக்கிறோம், முன்னால் முயலைக் கம்பியில் கோத்து வாட்டுகிற வண்டி, பின்னால் பல் டாக்டரின் திறந்த கார், இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு உங்கள் ஊர் ஜனம். "திரும்ப வழியே இல்ல புள்ளைங்களா, சிரிச்சுக்கிட்டே கையாட்டுங்க" என்றார் ஓடெட். ஆட்டினோம். தகப்பனின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, "அப்பா, இது என்ன வண்டி?" என்று கேட்டது. அந்த மனிதர், "இதுவா? தோக்கப்போற டீம் மாதிரி வேஷம் கட்டியிருக்காங்கடா. எவ்ளோ தத்ரூபமா இருக்கு பாரு!" என்றார். சொல்லிவிட்டுக் கைதட்டவும் செய்தார், மாமா. இந்த சீசனில் எங்களுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. ஊர்வல வண்டி என்றால் மிட்டாய் வீச வேண்டுமே, பிள்ளைகள் பையை விரித்துக்கொண்டு பஸ்ஸோடு ஓடிவர, டேட்டுக்கு மனசு கேட்காமல் இடைவேளைக்கு வைத்திருந்த ஆரஞ்சுத் துண்டுகளை எல்லாம் ஜன்னல் வழியாக வீசிவிட்டான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பந்தோடு ஓடிவந்தவர்களில் ஒரே ஒருவனை டேட் பிடித்துக் கீழே தள்ளினான், அவன் உங்கள் ராஜாவாகப் போய்விட்டான். கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டவனுக்குப் பதில் ராணியின் கையைப் பிடித்து நடக்க ஆள் இல்லை. எங்களுக்குக் கொடுத்த அறையில் ராணிப் போட்டிக்கு நின்ற பெண்கள் உடை மாற்றியதால் நாங்கள் பந்து வைக்கும் கிடங்கில் உட்கார்ந்திருந்தோம், நீங்கள் அங்கேயே வந்துவிட்டீர்கள்.

"டேட், கொஞ்சம் வா. அந்தப் பொண்ணு தனியா நிக்குது. கைய மட்டும் குடு."

"மாமா, உடம்பெல்லாம் சேறு."

"அதெல்லாம் இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது?"

"நாலு கம்பத்துல லைட் எரியுது மாமா."

அவன் போனான். நீங்கள் கூப்பிட்டதால் போனான். மைக்கில் "டோலன் முயல்களிலிருந்து ஒரு தன்னார்வலர்" என்றார்கள், ஊரே சிரித்தது, ராணி தன் வெள்ளைக் கையுறையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு நீங்களே, "டான்ஸுக்கு இருந்துட்டுப் போங்கடா" என்றீர்களே, அதை நம்பி நாங்கள் ஜிம் வாசலுக்குப் போனோம். அங்கே நின்ற வாத்தியார், "ஜெர்ஸியோட உள்ள விட முடியாதுப்பா" என்றார். "மிஸ்டர் டுவெய்ன்தான் கூப்பிட்டாரு" என்றான் டேட். "கூப்பிட்டாரு, சரி. வரச் சொன்னாரா?" என்றார். அந்த வித்தியாசத்தை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தோம்.

இதையெல்லாம் நான் எழுதியே இருக்க மாட்டேன் மாமா. ஆனால் புதன்கிழமை உங்கள் பிள்ளைகளுக்கு 'எதிராளி மாதிரி உடுத்தி வரும் நாள்'. படங்களைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். ரப்பர் பூட்ஸ், கறை பூசிய ஏப்ரன், தலையில் வலை. டோலன் என்றால் இறைச்சி ஆலை, நல்ல நகைச்சுவை. எங்கள் ஊர்க்காரர்கள் வெட்டி அனுப்பும் மாட்டுக்கறியைத்தான் நேற்று உங்கள் மைதானத்தில் பன்னுக்குள் வைத்து விற்றீர்கள், அதை யாரும் கிண்டல் செய்யவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அம்மா என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பையன் வலைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டியிருக்கான்" என்றாள் முதலில்.

அப்புறம், "இது எங்க ஆலை வலை. நான்தான் டுவெய்னுக்குக் குடுத்தேன். ஸ்கூல் கேன்டீனுக்கு வேணும்னு கேட்டான்" என்றாள்.

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை, மரியாதைக்காக.

"நீ ஒண்ணும் கேட்டுடாத. என் தம்பி அவன். மறந்திருப்பான்."

"எத மறந்திருப்பாரு?"

"நான் எங்க வேல பாக்குறேன்னு."

சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றிக் கழுவப் போய்விட்டாள். நேற்று ஆட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள், தலைவலி என்று நான் சொன்னேன். தலைவலி இல்லை. ஆகவே மாமா, இனிமேல் எங்களைக் கூப்பிடாதீர்கள். வேறு ஊர் பாருங்கள். அவர்களுக்கு உங்கள் ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ராஜாவின் கணுக்கால் சீக்கிரம் தேறட்டும். எல்லா வருடமும் நீங்களே ஜெயித்து, தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகி, ஊர் போற்ற வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகள்,
ஆட்ரா

பி.கு.: உறையை ஒட்டும் முன் டேட் பிடுங்கிப் படித்துவிட்டான். "நீ மே மாசம் ஸ்கூல முடிச்சிட்டுப் போயிருவக்கா. எனக்கு அடுத்த வருஷந்தான் கடைசி. மத்த மூணு ஸ்கூலும் இனிமே நாங்க வேண்டாம்னு கோச்கிட்ட சொல்லியாச்சு, தெரியுமா?" என்றான். எங்களை அடிப்பதில் சுவாரஸ்யம் இல்லையாம், ஜனம் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறதாம். நீங்களும் விட்டுவிட்டால் அவன் யாரோடு ஆடுவான்? கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுது என்கிறான். எனக்குக் கிழிக்க மனமில்லை. படித்துவிட்டீர்கள், படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுங்கள் மாமா. வருகிறோம். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் கோச்சிடம் சொல்லிவிடுங்கள்.