உலகத்திலேயே மட்டமான கிராபிக்ஸ் கார்டு

பெண்டாட்டியிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்பது தராசு ஆய்வாளருக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை வாதாடவே போவதில்லை என்று முடிவு கட்டினார். ஒரே ஒரு எண்ணைக் காட்டுவார். அவள் வாயடைத்துப் போவாள். இவர் கடைக்குப் போய்ப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி வருவார். திட்டம் அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது வாஷிங் மெஷின். போன வாரம் பாதித் துவையலில், நடுத் தண்ணீரில், ஒரு உதறு உதறிக்கொண்டு நின்றது நின்றதுதான். ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார். ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டுச் சேமிப்பு ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். வாஷிங் மெஷினா, கிராபிக்ஸ் கார்டா? புத்தி சரியாக இருக்கும் எவனும் இதை ஒரு கேள்வியாகவே எடுக்க மாட்டான். ஆய்வாளர் எடுத்தார்.

அவருக்கு ஓய்வு நாளில் கார் பந்தயம். கம்ப்யூட்டரில்தான். மற்றவர்களின் கார்கள் பறக்கும். இவருடைய கார் ஒவ்வொரு வளைவிலும் திணறித் திக்கி, போட்டோ போட்டோவாக நகரும். தனக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை, திரையில் படத்தை ஓட்டுகிற அந்தக் கார்டுதான் கிழடாகிவிட்டது என்று மூன்று வருஷமாக நம்பி வந்தார்.

இத்தனைக்கும் மனுஷன் எதையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை விட மாட்டார். 'முத்திரை' என்றே பட்டப்பெயர். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்த பிறகும் கணக்கு டீச்சர்தான்.

அவர் காட்ட நினைத்த எண் ஒரு வலைத்தளத்தில் இருந்தது. ஒரு சோதனையைத் தரவிறக்கி நம் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டும். மூன்று நிமிஷம் திரையில் காடு, மழை, ஓடுகிற குதிரைகள். முடிந்ததும் ஒரு மதிப்பெண் வரும். அதை நாமே தளத்தில் எழுதிப் போட வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும்.

ஆய்வாளர் ஓட்டிப் பார்த்தார். ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது வந்தது. அந்தக் கார்டுக்கு உலகச் சராசரியே ஏழாயிரத்து அறுநூறு. பக்கத்தில் பச்சை எழுத்தில் 'நன்று' என்று வேறு போட்டிருந்தது. இதைக் காட்டினால் நேராக வாஷிங் மெஷின்தான்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளிப் போர்வையால் போர்த்தினார். ஜன்னலைத் திறந்து வெயிலை அதன் மேல் விழ வைத்தார். நாற்பது வலைப்பக்கங்களைத் திறந்து வைத்து, பின்னால் ஒரு படத்தையும் ஓடவிட்டு, மறுபடி சோதனையைப் போட்டார். குதிரைகள் வழியில் நின்று நின்று போயின. பெட்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் வாசனை வந்தது. மூவாயிரத்து நூற்று ஐந்து. 'முத்திரை' என்ற பெயரிலேயே அதைத் தளத்தில் ஏற்றினார். போர்வையை மடித்து வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

டீச்சர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விடைத்தாளைப் பார்ப்பதுபோல் அந்தப் பட்டியலைப் பார்த்தாள்.

"கடைசியா?"

"உலகத்துலயே கடைசி," என்றார், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

இந்த எண்களையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் சரிபார்க்கத் தேவையில்லை, பத்தாயிரம் பேர் போட்டிருக்கிறார்கள், பத்தாயிரம் பேருமா புளுகுவார்கள் என்றார் அவர்.

"என் தராசு சரியா இருக்குன்னு கடைக்காரரே எழுதிக் கொடுத்தா முத்திரை குத்திடுவீங்களா?"

"அது வேற. அவன் லாபத்துக்குப் பண்றவன். இதுல பொய் எழுதி யாருக்கு என்ன கிடைக்கப் போகுது?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. டீச்சர் ஒரு நிமிஷம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவு பண்ணலாம், அதுவரை துணியைக் கையால் துவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா?

செவ்வாய்க்கிழமை பட்டியலின் உச்சியில் ஒரு புதுப்பெயர் முளைத்தது. 'குளிர்காற்று'. இதே கார்டு. எட்டாயிரத்து நானூறு. கீழே ஒரு குறிப்பு: 'புதிதாக எதுவும் வாங்கவில்லை. சுத்தமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.'

ஆய்வாளருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன்னிடம் இருக்கிற அதே கார்டு, எவனோ ஒருவன் கையில் எட்டாயிரத்து நானூறா? அப்படியென்றால் மூன்று வருஷமாக வளைவில் திணறியது கார்டு இல்லையா, தானா? வேலைக்குப் போன இடத்தில் ஒரே எடைக்கல்லுக்கு இரண்டு முறை முத்திரை குத்திவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தளத்திலேயே குளிர்காற்றுக்கு எழுதினார்: ஐயா, எப்படி?

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. பெட்டியைத் திறந்து தூசி எடுங்கள். அதைச் செய்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு தலையணைக்குக் காணும் அளவு பஞ்சு வந்தது. அடுத்த பதில்: தூசி எங்கிருந்து வருகிறது? திரைச்சீலையிலிருந்து. அலசுங்கள். நான்கு அறைத் திரைகளையும் கழற்றிக் கையால் அலசினார். மெஷின் இல்லாத வீட்டில் திரைச்சீலை பிழிவது என்றால் என்ன என்று அவருடைய இடுப்பு அவருக்குச் சொன்னது. பிறகு மின்விசிறி இறக்கைகள். பிறகு அலமாரி உச்சி. பிறகு, ஈரம் கார்டைக் கெடுக்கும், குளியலறை ஜன்னல் வலையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ஸ்டூல் போட்டு ஏறினார். திடீரென்று என்ன இந்தச் சுறுசுறுப்பு என்று டீச்சர் கேட்டதற்கு, சும்மாதான், வீடு வீடாக இருக்க வேண்டாமா என்றார். அவள் வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும், அவள் பக்கத்து அறையில் தாள் திருத்தும் நேரமாகப் பார்த்து, சோதனையை ஓட்டினார். தூசி எடுத்ததும் ஏழாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. திரைக்கு ஒன்றும் ஏறவில்லை. விசிறிக்கு ஒன்றுமில்லை. ஜன்னல் வலைக்குப் பன்னிரண்டு ஏறியது, அதுவும் அன்றைக்கு மழை பெய்ததால் இருக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் ஏழாயிரத்து எழுநூற்று இரண்டில் வந்து நின்றார். வீடு பளபளவென்று இருந்தது. குளிர்காற்று மேலே உட்கார்ந்திருந்தான், எட்டமுடியாத உயரத்தில்.

திரையில் வெறும் கட்டம் ஒன்று திறந்திருந்தது. 'உங்கள் மதிப்பெண்.' போட்டோ கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தராசுக்கும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தாத மனுஷன், அந்தக் கட்டத்தில் எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தார். எட்டாயிரத்து ஐந்நூறு என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வரும். திருட்டுத் தராசுக்காரர்களிடம் கற்றுக்கொண்ட பாடம் அது. அதே 'முத்திரை' பெயரில் பொத்தானை அழுத்தினார். முதலிடம். அன்றைக்குத்தான் அவருக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.

"வாழ்த்துகள்ங்க. உலகத்துலயே முதல் இடம்."

ஆய்வாளர் நெளிந்தார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அப்போ கார்டு நல்லாத்தானே இருக்கு. புதுசு எதுக்கு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதற்காக இந்தக் கூத்தை ஆரம்பித்தோம் என்பதையே ஐந்து நாளாக மறந்திருந்தார். முதலிடத்தை வைத்துக்கொண்டால் கார்டு போச்சு. கார்டு வேண்டுமென்றால் முதலிடம் போச்சு. டீயை ஒரு மடக்கு குடித்தார். நாக்கு வெந்தது.

"அந்த எண் சரியில்ல," என்றார்.

"சரியில்லன்னா?"

"கொஞ்சம் கூட்டிப் போட்டேன்."

"நிஜமா எவ்வளவு வந்துச்சு?"

"ஏழாயிரத்து எழுநூத்தி ரெண்டு."

"அதுவே சராசரிக்கு மேலதானே?"

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். சுவரும் சுத்தமாக இருந்தது. டீச்சர் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பத்தாயிரம் பெயர்கள். இப்போது கரண்ட் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். போகவில்லை.

"இங்க கடைசில ஒரு முத்திரை இருக்காரே, மூவாயிரத்து நூத்தி அஞ்சு. இவர் யாரு, உங்க சொந்தக்காரரா?"

போர்வை, வெயில், நாற்பது பக்கம், ஓடிய படம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். காப்பியடித்ததைத் தானாகச் சொல்லிவிட்ட பையனிடம் காட்டுகிற பொறுமையோடு அவள் கேட்டுக்கொண்டாள். மேலேயும் ஒரு முத்திரை, கீழேயும் ஒரு முத்திரை, ரெண்டும் கள்ள முத்திரை என்று மட்டும் சொன்னாள். பிறகு கடைக்குப் போன் போட்டு, வாஷிங் மெஷினை இன்றைக்கே அனுப்பச் சொன்னாள். எந்த மாடல் என்பதை முன்பே பார்த்து வைத்திருந்தாள் போல. பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஆய்வாளர் பல்லைக் கடித்தார். "அந்தக் குளிர்காற்று மட்டும் என் கண்ணுல படாம இருந்திருந்தா..."

"படணும்னுதானே போட்டேன்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த எட்டாயிரத்து நானூறு?"

"கட்டம் காலியா இருந்துச்சு. அடிச்சேன். வாங்கிக்கிச்சு."

அலசிய நான்கு திரைகளும் அவர் கண்முன் வந்து போயின. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"குளியலறை ஜன்னல் வலை? ஈரம் கார்டைக் கெடுக்கும்னு எழுதினியே, அதுவும் பொய்யா?"

"வலையைத் தேய்க்கணும்னு பத்து வருஷமா நான் நேர்ல சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் டீச்சர், அவர் குடித்து முடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு. "ஊர் பேர் தெரியாதவன் எவனாவது சொன்னாத்தானே நீங்க கேக்கறீங்க."