நல்லெண்ணத் தூதருக்கு நான் போட்ட நீலக் கட்டு

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பூமி ஆடிப் பன்னிரண்டு நாள்கூட ஆகாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதக் கை கூசுகிறது. ஆகையால் மரியாதையெல்லாம் பிறகு, முதலில் விஷயம். அக்கா, உன் மகளுக்குக் கால் இருக்கிறது. இரண்டும் இருக்கின்றன. இடது கால் விரல்கள் ஐந்தையும் இன்று காலை என் கண் முன்னால் அசைத்துக் காட்டினாள். இதோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழ வேண்டியதை அழுது முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

நேற்று போனில் நான் "காலு" என்றதுமே நீ ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாய். "காப்பாத்தியாச்சு" என்று நான் கத்துவதற்குள் டவர் போய்விட்டது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீ இரவெல்லாம் என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் மருந்து இறக்கிவிட்டு உங்கள் ஊர் வழியாகத் திரும்பும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் கொஞ்சம் வாய் நீளம். அவர் எதையாவது கூட்டிச் சொன்னால் நம்பிவிடாதே. நான் எழுதியிருப்பதுதான் நடந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது என்பது சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும்.

அவளை ஆஸ்பத்திரி வேலைக்கு இங்கே அழைத்து வந்தவன் நான். "கட்டடம் கல்லு மாதிரிக்கா, நூறு வருஷம் நிக்கும்" என்று உன் வீட்டு வாசலில் நின்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவனும் நான்தான். அது நாற்பது வினாடி நின்றது. அவள் அப்போது ரத்தப் பரிசோதனை அறையில் இருந்தாள். ரத்தம் வைக்கும் குளிர்பெட்டி சாய்ந்து சுவரில் முட்டி நின்றதால் கூரை அவள்மேல் விழவில்லை; இடது கால் மட்டும் மாட்டிக்கொண்டது. நான் வெளிவாசலில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். இனிமேல் என்னைச் சண்டைக்காரன் என்று திட்டாதே. அவளை வெளியே எடுத்த அன்றிலிருந்து உனக்குப் போன் செய்யும்போதெல்லாம் "கால்ல அடி, பயப்படாதே" என்று மட்டும் சொல்லி வைத்தேனே, அது பொய் அல்ல, முழுதாகச் சொல்லத் தைரியம் இல்லாததுதான்.

இப்போது எங்கள் ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில் நடக்கிறது. பந்தும் வலையும் வைக்கும் அறைதான் ஆபரேஷன் தியேட்டர். குளுக்கோஸ் பாட்டில்கள் கோல் கம்பத்தில் தொங்குகின்றன. எதிர்க் கோல் கம்பத்தடியில் என் மாவுக்கட்டு மேஜை. இருபத்தாறு வருஷம் கட்டு அறைக்குள் இருந்தவன், இப்போது வெயிலில் நின்று கட்டுப் போடுகிறேன். மாவு சீக்கிரம் காய்கிறது, அது ஒன்றுதான் சௌகரியம். போன திங்கட்கிழமை காலை எலும்பு டாக்டரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கட்டு அண்ணே, இது எலும்பு வெளிய தெரிஞ்ச கால். மாவுக்கட்டு போட்டு மூட முடியாது. வெளியிலேருந்து எலும்பைப் பிடிச்சு நிறுத்துற கம்பிச் சட்டம் வேணும், மருந்தும் வேணும். வியாழக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறமும் காலைப் பாத்துக்கிட்டிருந்தா ஆளைப் பாக்க முடியாது" என்றார். கூடாரத்துணிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நான் உள்ளே போனதும், "மாமா, அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க. கால் போச்சுன்னா நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா பாதியிலேயே அழுதுடுவீங்க" என்றாள். நான் அழவில்லை. வெளியே போய்த்தான் அழுதேன்.

கம்பிச் சட்டம் இல்லாமல் இல்லை, அக்கா. வெளியூர் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று அனுப்பிய பெரிய கன்டெய்னரில் சட்டம், மருந்து, எல்லாமே துறைமுகத்துக்கு வந்து அப்போதே மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. ரசீதில் எங்கள் ஆஸ்பத்திரியின் வட்ட முத்திரை இருந்தால்தான் விடுவார்களாம். முத்திரை இடிபாட்டுக்குள்ளே எங்கேயோ கிடக்கிறது. "ஐயா, கட்டடமே விழுந்துடுச்சுங்க" என்று டாக்டரம்மா போனில் மன்றாடினால், "அப்படின்னு ஒரு கடிதம் குடுங்கம்மா, முத்திரை வெச்சு" என்கிறார் அந்த அதிகாரி. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டாக்டரம்மா போனைத் தூக்கி எறியாதது அவர் படிப்புக்கு மரியாதை.

இந்த நிலைமையில்தான் தூதர்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கம் பெயர்பெற்றவர்களைத் தேடிப் பிடித்து நல்லெண்ணத் தூதர் என்று பட்டம் கொடுத்து அனுப்புகிறது. முதலில், முந்தின வாரக் கடைசியிலேயே, ஒரு பாடகியம்மா வந்தார். இருபது நிமிஷம் இருந்தார், உன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். "போட்டோ புடிச்சா எலும்பு கூடிடுமா?" என்று நான் முணுமுணுத்தது பாதிக் கூடாரத்துக்குக் கேட்டிருக்கும். அடுத்து திங்கட்கிழமை மத்தியானம் ஹீரோ வந்தார். நீ இரண்டு தடவை பார்த்துவிட்டு அத்தானை இழுத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் போனாயே, அந்தப் படத்து ஹீரோவேதான். திரையில் ஆறடிக்குக் குறையமாட்டார். நேரில் என் தோள் வரைக்கும்தான் இருக்கிறார். கூடவே ஓர் உதவியாளர், காதில் போனை வைத்துக்கொண்டே பிறந்தவர் மாதிரி.

ஹீரோ நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். அப்போது மணிக்கட்டு உடைந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி கட்டுப் போடவிடாமல் என்னை மூன்று தடவை உதைத்திருந்தாள். "ரம்பத்தால அறுப்பீங்களாமே, கையும் சேந்து வந்துடும்னு பக்கத்துப் பெட் தாத்தா சொன்னாரு" என்று அலறல். கட்டு அறுக்கும் ரம்பம் சுற்றாது, நடுங்கும். தோலில் பட்டால் கூசும், அவ்வளவுதான். அதை யார் கேட்கிறார்கள்? ஹீரோ குனிந்து, "நான் போட்டுக்கிறேன், நீ பாரு, வலிக்கவே வலிக்காது" என்றார். "நீங்க படத்துல லாரியவே தூக்குனீங்க, உங்களுக்கு எப்படி வலிக்கும்?" என்றாள். கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் போடுங்க. உங்களுக்கு அறுக்குறப்ப நான் பாக்கணும். அதுக்கு முன்னாடி ஊருக்குப் போகக் கூடாது." ஹீரோ சத்தியம் செய்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் போட்டேன். அவளுக்கு வெள்ளை மாவுக்கட்டு. அவருக்கு நீல நிற ஃபைபர் கட்டு, படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று, இடது முழங்கைக்கு மேல் வரைக்கும். நல்ல வேலை, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

படமெல்லாம் எடுத்து முடித்ததும் உதவியாளர், "ஹெலிகாப்டர் வந்துடுச்சு, சீக்கிரம் அறுங்க" என்றார். அப்போதுதான், அக்கா, எனக்கே ஞாபகம் வந்தது. எங்கள் பழைய ரம்பம் கட்டடத்தோடு போய்விட்டதே! கட்டெல்லாம் புதுக் கட்டு, அறுக்கும் நாள் இன்னும் ஒருவருக்கும் வராததால் ரம்பத்தை யாரும் தேடவில்லை. புது ரம்பம் கன்டெய்னரில் இருக்கிறது, சாமான் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வரி. பட்டியல் தற்செயலாக என் சட்டைப்பையிலேயே இருந்தது, எடுத்துக் காட்டினேன். உதவியாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஊருக்குப் போய் எந்த ஆஸ்பத்திரியிலயும் அறுத்துக்கலாம் சார், ஏறுங்க" என்றார். புதுக் கட்டோடு ஆகாயத்தில் போனால் கை வீங்கும், இரண்டு நாள் பறக்கக் கூடாது என்பது கட்டு அறை விதி, அதைச் சொன்னேன். உடையாத கைக்கும் அந்த விதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஹீரோ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "சத்தியம் பண்ணிட்டேன்ல. ரம்பம் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். ஹெலிகாப்டர் சும்மா திரும்பியது.

அவருக்கு என் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஒரு கையை வைத்துக்கொண்டு இரண்டு ஆள் வேலை பார்த்தார். பாட்டில் பிடித்தார், தண்ணீர் கொடுத்தார், அந்த வசனக் குரலில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார். எத்தனை கத்தியும் நேராக நிற்காத வரிசை கோடு போட்ட மாதிரி நின்றது. அந்தப் பக்கத்துப் பெட் தாத்தா மட்டும் மசியவில்லை. "உன் கடைசிப் படத்துக்குப் போய் மூணு மணி நேரம் உக்காந்தேன்பா. இந்த இடுப்பு வலி பூகம்பத்துல வந்தது இல்ல" என்றார். ஹீரோ அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். உன் மகள் பக்கத்திலும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, வெளியே வந்தவர் என்னிடம், "வியாழக்கிழமைதான் கடைசியா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே அந்தச் சின்னப் பெண்ணை விட்டுக் கன்டெய்னர் நம்பரைத் தன் நீலக் கட்டில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டி, "எனக்கு ரம்பம் இதுக்குள்ள இருக்கு, இங்க இருக்கிறவங்களுக்கு உயிரே இதுக்குள்ள இருக்கு" என்று வீடியோ போட்டார். நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். பின்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க அந்த நம்பர்தான். துறைமுக அதிகாரிக்கு ஆபீசில் போன் ஓயவில்லையாம். அதைவிட, அவர் வீட்டம்மா, "அவரு கையை விடுவிக்கிற வரைக்கும் நீங்க வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டாராம். புதன்கிழமை சாயங்காலம் அந்த அதிகாரியே லாரியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார், கையில் எங்கள் ஆஸ்பத்திரி பெயர் போட்ட புத்தம் புது வட்ட முத்திரையோடு! அவரே செய்யச் சொல்லி எடுத்து வந்திருக்கிறார். டாக்டரம்மா ரசீதில் குத்தினார். ஹீரோ அதை வாங்கித் தன் நீலக் கட்டின்மேலும் ஒன்று குத்திக்கொண்டார். லாரியின் மேல் பாதி கம்பளிகள். பாடகியம்மா ஊர் ஊராகப் போய்ப் பாடிச் சேர்த்து அனுப்பியவை. நான் முணுமுணுத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன், அதையும் முணுமுணுப்பாகத்தான்.

புது ரம்பத்தால் அவர் கட்டை அறுத்தேன். இருபது பேரை ஒரே நேரத்தில் அடிப்பவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பெண்ணின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள். வியாழக்கிழமை காலை உன் மகளை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றரை மணி நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து முகத்துணியை இறக்கி, "கால் நிக்கும் அண்ணே. நடக்க ஆறு மாசம் ஆகும், ஆனா நடப்பா" என்றார். வயிற்றில் பால் வார்த்தது அக்கா. கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, இந்த முறை எல்லோர் முன்னாலும் அழுதேன். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, ஹீரோ போயிட்டாரா?" என்பதுதான். போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, சிரித்துவிட்டுப் போனார்.

ஆகக்கூடி எல்லாம் தானாக நடந்தது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பூகம்பத்தில் விரிசல் விட்ட ஆற்றுப் பாலத்தில் இப்போது மருந்து லாரியை மட்டும்தான் விடுகிறார்கள்; எல்லோருக்கும் திறந்ததும் நீங்கள் இருவரும் வாருங்கள். அத்தானுக்கு என் வணக்கம். உங்களுக்கு ஒரு குறையும் வராமல், இனி நான் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் வாக்குக் கொடுக்காமல், எல்லோரும் நன்றாக இருப்போம்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே ஒரு சின்னத் திருத்தம். பழைய ரம்பம் கட்டடத்தோடு போகவில்லை. இடிபாட்டிலிருந்து இரண்டாம் நாளே பெட்டியோடு எடுத்துவிட்டேன். என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. மாவுக்கட்டாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடலாம், ஃபைபர் கட்டு ரம்பம் இல்லாமல் வராது, நீலம் அதற்காகத்தான். அவர் கையை நீட்டியபோது எனக்கு வியாழக்கிழமையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அத்தானிடம் சொல்லாதே, தெருவுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. சற்று முன் அந்தப் பெட்டியை வெளியே இழுத்துத் திறந்தேன். ரம்பத்தின் மேல் ஒரு டோக்கன் சீட்டு, பின்பக்கம் ஹீரோவின் கையெழுத்து: "அண்ணே, ரம்பத்தோட ஒயர் கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. முதல் நாளே உள்ள தள்ளி வெச்சுட்டேன். உங்க நடிப்பு நல்லா இருந்துச்சு. அந்த ஆகாயத்துல கை வீங்குற வசனம் மட்டும் கொஞ்சம் ஓவர்."